ரசாக் வண்டியில் எல்லோருக்கும் ஜன்னல் சீட்

2009ஆம் வருஷம் ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமையிலிருந்து, தாம்பரம் அப்துல் ரசாக் டிராவல்ஸின் நாலாம் நம்பர் பஸ்ஸில் ஏறுகிற எல்லோருக்கும் ஜன்னலோர சீட் கிடைக்கத் தொடங்கியது. வண்டி அதே பழைய வண்டிதான். ஒரு பக்கம் மூன்று பேர் சீட், மறுபக்கம் இரண்டு பேர் சீட், வெளியே நின்று எண்ணினால் பக்கத்துக்குப் பத்து ஜன்னல். உள்ளே போனால் எண்பது பேர் ஏறினாலும் எண்பது பேருக்கும் ஆளுக்கொரு ஜன்னல். நடுவில் மாட்டிக்கொண்டவர் என்று ஒருவரும் கிடையாது. மூன்று பேர் சீட்டில் மூன்று பேரும் தோள் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் மூன்று முகத்திலும் தனித்தனியாகக் காற்றடிக்கும், மூன்று பேருமே ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நம் ஜனங்களுக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டால் அப்புறம் கேள்வி வராது.

விஷயம் தொடங்கியது மறைமலை நகரில் கார் வைப்பர் செய்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில். அதற்கு ஆள் ஏற்றி இறக்குகிற காண்ட்ராக்ட் ரசாக்கிடம் இருந்தது. ஹெட் ஆபீஸ் இருக்கிற ஏதோ குளிர் தேசத்திலிருந்து மே மாதக் கடைசியில் பெரிய சுருள் ஒன்று வந்தது. ஆறு நிறத்தில் பட்டை பட்டையாக ஸ்டிக்கர். உலகம் பூராவும் கம்பெனிக்கு ஓடுகிற வண்டிகளில் ஜூன் மாதம் இதை ஒட்ட வேண்டும் என்று உத்தரவு. கூடவே வந்த விளக்கத்தை மேனேஜர் எலியேசர் படிக்கவில்லை. ஹெட் ஆபீஸ் அனுப்புவதைப் படிக்கிற பழக்கம் அவரிடம் இல்லை, நிறைவேற்றுகிற பழக்கம்தான் உண்டு. "பாய், ஃபாரின் டிசைன், ரெண்டு பக்கமும் முழுசா ஒட்டிடுங்க" என்றார். ரசாக் ஒட்டினார். டிரைவர் குமரேசன் எல்லாக் கம்பெனி வண்டி டிரைவர்களையும் போலத்தான். ஷிஃப்டுக்கு ஆளை ஏற்றிப் போகும்போதும், இறக்கிவிட்டு வண்டி சும்மா திரும்பும்போதும் வழியில் கை காட்டுகிறவர்களை ஏற்றிக்கொள்வார். அப்படிப் பார்த்தால் வண்டலூர், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை என்று ரோட்டோரத்து ஊர்கள் எல்லாமே ரசாக் வண்டியில்தான் தாம்பரம் போய் வந்துகொண்டிருந்தன.

தேர்தல் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வண்டியில் நிறம் பார்த்தால் கட்சிக் கொடி என்று நினைக்கிற ஊர் இது, வேறெதையும் நினைக்கத் தெரியாது. பெருங்களத்தூர் டீக்கடையில் முதல் நாளே முடிவாகிவிட்டது: ஆறு நிறம், ஆறு கட்சி, புதுக் கூட்டணி. எந்தெந்தக் கட்சி என்பதில்தான் தகராறு. வட்டச் செயலாளர் குப்புராஜ் ஆட்களோடு வந்து வண்டியை மறித்து, "எங்க கலர இன்னாத்துக்கு நடுவுல சொருவி வச்சிகிற? மேல ஏத்து பாய், இல்லாங்காட்டி பேஜாராப் பூடும்" என்றார். "நம்ம கையில இன்னா கீது தலைவரே, கம்பெனி ஒட்டச் சொன்னான், ஒட்டினேன்" என்றார் ரசாக். குப்புராஜ் நியாயம் கேட்க உள்ளே ஏறினார். ஜன்னல் சீட் கிடைத்தது. செங்கல்பட்டு வரை நியாயம் கேட்காமலே போய்விட்டு வந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டி டேப் வைத்து அளந்தார். வெளியே அளவு சரியாக இருந்தது. உள்ளே டேப் தீர்ந்துபோனது, வண்டி தீரவில்லை. அளவு திருப்திகரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீடு அந்தப் பக்கம்தான் என்று அதே வண்டியில் ஏறிக்கொண்டார்.

அந்த நிறங்கள் என்ன என்று அந்தக் கம்பெனியில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஓவியா. பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டி நெல் போட்டுக்கொண்டிருந்து, பிறகு அதையே பிளாட் போட்டு விற்ற சம்பந்தத்தின் ஒரே மகள், அந்த வம்சத்தில் முதல் பட்டதாரி, பி.எஸ்சி. இயற்பியல். ஏரிக்கரையில் ஒரு தெருவுக்கு சம்பந்தம் நகர் என்றே பேர், அந்த நகரின் நலச் சங்கச் செயலாளரும் அவரே. வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால், கறுப்பு அங்கியில் மகள் நிற்கிற போட்டோவைக் காட்டுவார். இன்னொருத்தி அனம், மேற்குத் தாம்பரத்தில் அண்ணன் வீட்டில் இருப்பவள், ஓவியாவோடு அதே டெஸ்டிங் மேஜையில் வேலை. காலேஜ் இரண்டாம் வருஷத்தில் தாம்பரத்து பிரவுசிங் சென்டர் ஒன்றின் பலகைத் தடுப்புக்குள் இருவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, கதவைக் காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு, அந்த ஆறு நிறக் கொடியைப் பார்த்திருக்கிறார்கள். தங்களை மாதிரி ஆட்களுக்குக் கொடியே இருக்கிறது என்பதில் அன்றைக்கு ஓவியாவுக்குச் சிரிப்பு வந்தது. ரேஷன் கார்டு இல்லை, வாடகைக்கு ஒரு ரூம் இல்லை, கொடி இருக்கிறது.

ஸ்டிக்கர் ஒட்டிய அன்று வண்டி வந்து நின்றபோது ஓவியா ஓரடி பின்னால் போனாள். தன் பேரையே எழுதி ஊர்வலம் விட்ட மாதிரி இருந்தது. ஏறினாள். தாம்பரத்திலேயே ஏறி இரண்டு பேர் சீட்டில் இருந்த அனம் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருக்கும் ஜன்னல். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லோரும் அவரவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பஸ் முழுக்க ஜனம் இருந்து ஒருவர் கண்ணும் தங்கள் மேல் இல்லாத முக்கால் மணி நேரம் அவர்களுக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. ஓவியாவின் கை அனத்தின் கைமேல் கிடந்தது, வண்டலூர் வந்தது, ஊரப்பாக்கம் வந்தது, எடுக்கவில்லை. வீட்டில் இதற்கு இடம் கிடையாது. ஐப்பசியில் கல்யாணம் என்று சம்பந்தம் பேச்சை முடித்து வைத்திருந்தார். மாப்பிள்ளை கூடுவாஞ்சேரி, சொந்தமாக மண் அள்ளுகிற மெஷின்கள் வைத்திருப்பவன். "வேலைக்கு அனுப்புவாங்களாப்பா?" என்று கேட்டதற்கு, "வண்டியே உன் வூட்டு வாசல்ல நிக்கும், நீ எதுக்கும்மா பஸ் ஏறணும்?" என்றார். ஆகவே ஓவியாவுக்கு இருந்தது அந்த சீட் ஒன்றுதான்.

ஜூலை இரண்டாம் தேதி டெல்லியில் ஒரு கோர்ட் தீர்ப்பு வந்தது. வயது வந்த இருவர் சம்மதத்தோடு அறைக்குள் எப்படி இருந்தாலும் குற்றமில்லை என்று. மாலைப் பத்திரிகை முதல் பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் படம் போட்டது; பட்டை பட்டையாக ஒரு கொடி, அதைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறவர்கள். கீழே ஓரினச் சேர்க்கை என்று கொட்டை எழுத்து. அதை ஓவியா தன்னோடு பொருத்திப் பார்த்தாள். மனுஷருக்கு வைத்த பேர் மாதிரி இல்லை, கெமிஸ்ட்ரி லேபில் இரண்டு பாட்டிலை ஊற்றுவதற்கு வைத்த பேர் மாதிரி இருந்தது. ஊருக்கு அந்தக் கவலை இல்லை. படத்தைப் பார்த்தார்கள், பஸ்ஸைப் பார்த்தார்கள், தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். ஒரு மாதமாக அதில் போயிருக்கிறார்கள். பெண்டாட்டி எந்த சீட்டில் உட்கார்ந்தாள் என்று புருஷன் விசாரித்தான். உட்கார்ந்த புடவையை ஒருத்தி டெட்டால் போட்டு அலசினாள். குப்புராஜ், தான் அன்றைக்கு வண்டியை மறித்தது இந்தக் காரணத்துக்காகத்தான் என்று சொல்லத் தொடங்கினார். கோயில் ஸ்பீக்கருக்கு எதிராக ஒருவர், மசூதி ஸ்பீக்கருக்கு எதிராக ஒருவர், ஜெபக் கூட்டத்து ஸ்பீக்கருக்கு எதிராக ஒருவர் என்று வருஷம் பூராவும் மனு கொடுத்துக்கொள்கிற பெரியவர்கள் அன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கலாச்சாரத்துக்காகக் கண் கலங்கினார்கள். அவர்களை அப்படிச் சேர்த்து வைத்ததற்கு ரசாக்குக்கு ஒரு சால்வையாவது போட்டிருக்கலாம்.

மறுநாள் காலையில் வண்டி காலியாக ஓடும் என்று ரசாக் பயந்தார். ஓடவில்லை. முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு ஏறினார்கள், துப்பட்டா சுற்றிக்கொண்டு ஏறினார்கள், இரண்டு பேர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஏறினார்கள். ஏறி, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, காற்று வாங்கிக்கொண்டே, இந்த நாடு எங்கே போகிறது என்று பேசிக்கொண்டு போனார்கள். பின்சீட்டில் இருந்து பேசியவரின் குரலை ஹெல்மெட்டுக்குள் இருந்தும் ஓவியாவால் அடையாளம் காண முடிந்தது. அப்பாவின் நண்பர். "இதுங்கள எல்லாம் நிக்க வச்சு சுடணும்" என்றவர், வண்டலூர் தாண்டியதும் காற்றில் தூங்கிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தம் சங்கத்தைக் கூட்டினார். பெண்களும் குழந்தைகளும் போகிற வண்டி, நம் ஏரியா மானம், என்று பேசினார். நல்ல பேச்சுதான், கை தட்டினார்கள். ரசாக்குக்கு வேறு வழியில்லை. சுடுதண்ணீர் ஊற்றி, பிளேடு வைத்துச் சுரண்டி, ஸ்டிக்கரை உரித்து ஏரிக்கரையில் கொளுத்தினார்கள். வண்டி வெள்ளையாக நின்றது. திங்கட்கிழமை காலை கதவு திறந்ததும் ஜனம் ஏறியது, ஐம்பத்திரண்டு பேர் உட்கார்ந்தார்கள், மிச்சம் பேர் நின்றார்கள், அதற்கும் மிச்சம் பேர் படிக்கட்டில் தொங்கினார்கள். பீர்க்கன்கரணையில் ஏறிய ஓவியாவுக்கு நிற்கத்தான் இடம். ஆறு அக்குள்களுக்கு அப்பால் அனத்தின் நெற்றி மட்டும் தெரிந்தது. அனத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் அவள் தோளில் தூங்கி விழுந்துகொண்டிருந்தான்.

ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. மானம் காப்பாற்றப்பட்ட பெண்களும் குழந்தைகளும் கால் மிதிபட்டுக்கொண்டு தாம்பரம் போனார்கள். ஹெல்மெட் நண்பருக்கு மூட்டுவலி திரும்பியது. அப்போதுதான் டீக்கடையில் வேறு மாதிரிப் பேச்சு எழுந்தது. கலர் என்ன பாவம் பண்ணியது, கலர் ஆண்டவன் கொடுத்தது, யாரோ ஒருத்தன் கெட்டதுக்குப் பயன்படுத்தினால் கலர் கெட்டுப்போகுமா. "வெறும் பெயின்ட்டு தானே சார்" என்றார் குப்புராஜ். சங்கம் மறுபடி கூடி, பட்டைகளை நலச் சங்கத்தின் சார்பில், வேறு எந்த அர்த்தமும் இல்லாமல், திரும்பப் பூசலாம் என்று தீர்மானம் போட்டது. பெயின்டர் தயாளன் டப்பாக்களோடு வந்து, "எது மேல, எது கீழ?" என்றான்.

அங்கேதான் இடித்தது. வரிசை யாருக்கும் தெரியவில்லை, அதாவது தெரியும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மாதம் தினமும் பார்த்த வண்டி. செல்போனில் போட்டோ எடுத்தவர்கள் டஜன் கணக்கில் இருந்தார்கள், எடுத்ததாக ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் வைத்திருந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது. பிரவுசிங் சென்டரில் தேடலாம், ஆனால் கடைக்காரன் திரையை எட்டிப் பார்ப்பான். டிவியில் காட்டியபோது எல்லா வீட்டிலும் சேனலை மாற்றிவிட்டார்கள். எலியேசர் ஹெட் ஆபீஸிடம் கேட்டிருக்கலாம், ஆனால் ஸ்டிக்கர் இன்னமும் வண்டியில் இருப்பதாக அவர் அங்கே எழுதியிருந்தார். நிறத்தின் வரிசை தெரிந்தவன் அந்த மாதிரி ஆள் என்று ஆகிவிடும் என்பதால், மொத்த ஊரும் திடீரென்று நிறக்குருடாகிவிட்டது.

குத்துமதிப்பாகப் பூசினார்கள். குப்புராஜ் தன் கட்சி நிறத்தை மேலே வைத்துப் பூசச் சொன்னார். அன்றைக்கு அவர் ஒருவருக்கு மட்டும் மூன்று ஜன்னல் கிடைத்தது, மற்றவர்கள் நின்றார்கள். எதிர்க்கட்சிக்காரர் வந்து தலைகீழாக மாற்றினார். ஜன்னல்கள் எல்லாம் இருந்தன, ஆனால் வண்டி எந்த ஊரில் போனாலும் வெளியே செங்கல்பட்டு மட்டுமே தெரிந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வானவில்லின் ஏழு நிறத்தையும் பாடப் புத்தகப்படி பூச வைத்தார். ஜன்னல்கள் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டன, முக்கால் மணி நேரம் எல்லோரும் அடுத்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதை யாராலும் தாங்க முடியவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு, சங்கக் கட்டடத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, சம்பந்தம் ஒரு யோசனை சொன்னார். அவருக்கு அது நெடுநாள் பெருமையின் பலன். "நம்ம வூட்லயே படிச்ச புள்ள கீது. பிசிக்ஸு. வானவில்லு பத்தி அதுக்குத் தெரியாததா? ஓவியா, இங்க வாம்மா." கூட்டத்தில் கூடுவாஞ்சேரி மாப்பிள்ளையின் அம்மாவும் இருந்தார், மருமகள் படிப்பை நேரில் பார்க்க. ஓவியா முன்னால் வந்தாள். சும்மா மறந்துவிட்டது என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஐப்பசியில் கல்யாணம், அதுவரைக்கும் அக்குள்களுக்கு அப்பால் ஒரு நெற்றி, அதற்கப்புறம் அதுவும் இல்லை.

"சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா" என்றாள்.

வாத்தியார் கை தூக்கினார். "ஒண்ணு உதைக்குதேம்மா. கருநீலம் எங்க?"

"பதட்டப்படாத கண்ணு, புஸ்தகத்துல இருக்கிறதச் சொல்லு" என்றார் சம்பந்தம்.

"புஸ்தகத்துல ஏழு. இதுல ஆறு."

"இத எங்கம்மா படிச்ச?"

அப்போதும் வழி இருந்தது. தினமும் அந்த வண்டியில் போனேன், பார்த்த ஞாபகம் என்றால் போதும். எல்லோர் முகமும் அந்தப் பதிலைத்தான் கெஞ்சிக்கொண்டிருந்தது. ஹெல்மெட் நண்பர் எடுத்துக்கூடக் கொடுத்தார்: "பஸ்ல பாத்திருக்கும்பா."

"படிக்கல, பாக்கவும் இல்ல. இது என் கொடி. நீங்க எரிச்சீங்களே, அது. கூடுவாஞ்சேரிக்காரங்க வேற பொண்ணு பாத்துக்கட்டும்."

 சம்பந்தம் மகளைப் பார்க்கவில்லை, டப்பாக்களைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா செருப்பைத் தேடினார். யாரோ ஒருத்தர் ஏதோ கெட்ட வார்த்தைக்கு வாயெடுத்தார். அதற்குள் தயாளன் பிரஷ்ஷைத் தின்னரில் நனைத்து உதறிவிட்டு, அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தேவைப்பட்ட ஒரே கேள்வியைக் கேட்டான்.

"செவப்பு மேலயா கீழயா, அக்கா?"

"மேல."

கெட்ட வார்த்தைக்கு எடுத்த வாயை அந்த ஆள் மூடிக்கொண்டார். ஏற வேண்டியவர் அவரும்தான்.

பெயின்ட் காய்ந்ததும் எல்லோருக்கும் ஜன்னல் வந்தது. மறுநாள் காலை அனம் இரண்டு பேர் சீட்டில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். விஷயம் அவள் காதுக்கு வந்திருந்தது, அவள் அண்ணன் காதுக்கும். செல்போனைப் பிடுங்கி வைத்திருந்தான். "என்னை ஒரு வார்த்தை கேக்கல நீ" என்றாள். "உன் பேரச் சொல்லல" என்றாள் ஓவியா. "அதத்தான் சொல்றேன். சொல்லியிருக்கலாம்ல" என்றாள் அனம். கிளட்ச்சை மாற்றிக்கொண்டே குமரேசன் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரோட்டுக்குத் திரும்பிக்கொண்டார்.

ஊர் என்ன செய்ததென்றால், ஒன்றும் செய்யவில்லை. ரோட்டில் பார்த்தால் ஓவியாவிடம் பேச மாட்டார்கள், வண்டியில் பார்த்தால் டைம் கேட்பார்கள். கூடுவாஞ்சேரி அம்மா வேறு பெண் பார்த்தார், பத்திரிகை வைக்க ரசாக் வண்டியில்தான் போனார். அடுத்த வருஷம் பஸ்ஸின் பின்பக்கம் 'நலச் சங்கத்தின் அன்பளிப்பு' என்று எழுதிக்கொண்டார்கள். ரசாக் மற்ற வண்டிகளுக்கும் அதே வரிசையில் பூசினார், அவையும் அப்படியே ஆயின, பாய்க்கு நல்ல மனசு என்று மூன்று மதத்துப் பெரியவர்களும் பேசிக்கொண்டார்கள். டீக்கடையில் இப்போது கேட்டால், இந்த ஏரியா எப்பவுமே இப்படித்தான், நாங்க எல்லாம் பரந்த மனசுக்காரங்க என்பார்கள். ஹெல்மெட் நண்பர் முதல் ஆளாகச் சொல்வார்.

சம்பந்தம் மட்டும் அந்த வண்டியில் ஏறவில்லை. வீட்டில் மகளோடு பேசவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. சாப்பாடு போட்டு வைத்திருப்பது தெரிந்தால் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். ஹால் போட்டோவைக் கழற்றவும் கை வரவில்லை, வருகிறவர்களிடம் காட்டவும் வாய் வரவில்லை. பத்திரப் பதிவு வேலையாக ரயிலிலேயே போய் வந்தார். ஒரு கார்த்திகை மாத மழையில் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ரயில் நிற்க, பீர்க்கன்கரணை ரோட்டில் குடையோடு நின்றவர் முன்னால் நாலாம் நம்பர் வந்து கதவைத் திறந்தது. ஏறினார். ஏறியவர் உட்காரவில்லை. பஸ் முழுக்க ஜன்னல் சீட் காலியாகக் கிடக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். மழைக்காலம் நீண்டது, ரயில் பல நாள் தடுமாறியது. அவர் தினமும் ஏறினார், தினமும் நின்றார். அந்த வண்டியில் நின்றுகொண்டு பயணம் செய்த ஒரே ஆள் அவர்தான். நாலு சீட் தள்ளி மகள் இருப்பாள், பக்கத்தில் அந்தப் பெண் இருப்பாள், அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டு வருவார். ஓவியா கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டேன் என்று அவளுக்கும் பிடிவாதம் இருந்தது, அது எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியதில்லை.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் கழித்து, பீர்க்கன்கரணை தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியதில் அவர் பின்னால் சரிந்து சீட்டில் விழுந்தார். ஓவியாவுக்கு முன் சீட். எழுந்துகொள்வார் என்று குமரேசன்கூடக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் வேட்டியைச் சரிசெய்தார், வெளியே பார்த்தார், பெருங்களத்தூர் வந்துகொண்டிருந்தது. சாரல் அவர் சட்டையில் அடித்தது. பின்னாலிருந்து அனம் எழுந்து, ஷட்டரில் கை வைத்து, "எறக்கி விடவா அங்கிள்?" என்றாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"வேணாம்மா. இருக்கட்டும். காத்து வருது."

அன்றிலிருந்து ரசாக் வண்டியில் நின்றுகொண்டு வருகிறவர் யாரும் இல்லை.